கதையை மறிக்கும் புதிர்

அமெரிக்காவின் ராபர்ட்டா வில்லியம்ஸ் வடிவமைத்த ‘கிங்ஸ் குவெஸ்ட்’ என்னும் கணினிச் சாகச விளையாட்டு 1984இல் வெளிவந்தது. அதில் கிரகாம் என்னும் வீரன் அரசனாகிறான். இரண்டாம் பகுதியில் மணம் புரிகிறான். 1986இல் வந்த மூன்றாம் பகுதியிலோ, மந்திரவாதியிடம் அடிமைப்பட்ட குவிடியன் என்னும் சிறுவனே கதைத்தலைவன். முன்கதையோடு தொடர்பில்லையே எனப் பலர் குறைபட்டனர். அச்சிறுவன் கிரகாமின் மகன் என்பது பிற்பகுதியில்தான் வெளிப்படும். அதுவரை செல்ல, கையேட்டிலுள்ள மந்திரங்களை ஓரெழுத்தும் பிழையாமல் தட்டச்சிடவேண்டும். இடையில் நின்றவர்க்குக் கதைத்தொடர்ச்சி கிட்டவேயில்லை.

புதிர் கடினமாக இருப்பதில் எனக்குக் குறையில்லை. எளிதில் அவிழும் விடுகதையில் சுவை ஏது? ஆனால், 1990இல் வந்த ஐந்தாம் பகுதியைப் பாருங்கள். பனிமலையில் பசித்த கிரகாம் கையிலுள்ள இனிப்புப் பண்டத்தைத் தின்றுவிட்டால், பின்னர் எதிர்ப்படும் பனிமனிதனின் முகத்தில் எறிய ஒன்றுமிராது. (முகத்தில் பண்டம் எறிவது மேலைநாட்டு நகைச்சுவை மரபு, அதை அறியாதவர் எங்ஙனம் ஊகிப்பார்?) வழி அடைபட்டதை விளையாட்டு முன்கூட்டிச் சொல்வதுமில்லை. இதனைப் புதிர் என்பதினும் வஞ்சம் என்பதே பொருந்தும்.

அதே ஆண்டில் ரான் கில்பர்ட் உருவாக்கிய ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ விளையாட்டில் வாட்போரை வெல்வது வசைக்கேற்ற மறுமொழியே. மறுமொழி அறியாதவன் தோற்பான். தோற்கும்போதே எதிரியின் வசையைக் கற்பான். அதனை அடுத்தவனிடம் கூறி, அவன் வாயாலேயே விடையைப் பெறுவான்.