நான் வக்கீலுக்குத்தான் படிப்பேன்



போன மாதம் தமிழ் ஐயா வகுப்பில் ஒவ்வொருத்தரையும் எழுப்பி, "பெரிய ஆளா ஆனதும் என்ன வேலைக்குப் போவீங்க?" என்று கேட்டார். டாக்டர், டீச்சர், போலீஸ், கலெக்டர் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் "வக்கீல்" என்றேன். வகுப்பே சிரித்தது. "வாயாடிக்கு ஏத்த வேலைதான்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இந்தத் தாளில் எழுதுகிறேன்.

எனக்கு இந்த ஆசை வந்தது ஒரு ஜெராக்ஸ் தாளைப் படித்த பிறகுதான். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவைப் பெத்த தாத்தா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவருக்குப் பூர்வீகமாக வந்த நிலம் ஒரு ஏக்கர் இருபது சென்ட். காரியம் முடிந்து கொஞ்ச நாளில் மாமாக்கள் வந்து, "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடும்மா" என்று அம்மாவை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். அம்மா ஐந்தாவது வரைதான் படிச்சவங்க. காட்டின இடத்தில் எல்லாம் பேரை எழுதிட்டு வந்தாங்க. அன்றைக்கு அம்மாவுக்கு ஒரு புடவை, எனக்குப் பரோட்டா.

போன பொங்கலுக்கு வீட்டை ஒதுங்க வைக்கும்போது ட்ரங்குப் பெட்டியில் அந்தப் பத்திரத்தின் ஜெராக்ஸ் கிடைத்தது. மேலே 'விடுதலைப் பத்திரம்' என்று போட்டிருந்தது. யாரோ ஜெயிலிலிருந்து விடுதலை ஆன பத்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலு தடவை படித்தேன். 'யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை' என்ற வரி வந்ததும்தான் புரிந்தது. தாத்தா நிலத்தில் தனக்குள்ள பங்கு வேண்டாம் என்று அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்டி, அண்ணனுங்கதானே. ஆனா கேக்கலையே" என்றார்.

மாமாக்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்குக் காது குத்தினது அவர்கள் மடியில்தான். தீபாவளிச் சீர் தவறாமல் வரும். எங்கள் ஊரில் நிறைய வீட்டில் இப்படித்தான் நடக்கிறது, யாரும் தப்பாக நினைப்பதில்லை. அதுதான் எனக்குப் பெரிய தப்பாகப் படுகிறது.

சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். 1989லேயே தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று ஆக்கிவிட்டார்களாம். 2005ல் இந்தியா முழுவதற்கும் அது வந்தது. 1989ல் அம்மாவுக்கு இரண்டு வயது. இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூட அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. தெரிந்து விட்டுக்கொடுத்தால் அது பாசம். தெரியாமல் கையெழுத்துப் போட்டால் அதற்கு என்ன பேர்?

சென்னையிலும் டெல்லியிலும் சட்டம் போட்டால் மட்டும் போதாது. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரும்மா" என்று கேட்க ஊருக்குள் ஒரு ஆள் வேணும். அந்த ஆளாக நான் இருக்கணும்.

சினிமாவில் வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு போட்டுக் கத்துவார். நிஜத்தில் பத்திரம், நோட்டீஸ், பழைய தீர்ப்பு என்று உட்கார்ந்து படிப்பதுதான் நிறைய இருக்குமாம். வாயைவிடப் பொறுமைதான் முக்கியம். கடைசி பெஞ்ச் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

"பொம்பளப் புள்ளைக்குக் கோர்ட்டு எதுக்கு?" என்பது எங்கள் அப்பாயியின் கேள்வி. அந்தக் காலத்தில் கோர்ட்டே அப்படித்தான் சொன்னது. 1916ல் ரெஜினா குகா என்ற பெண் வக்கீலாகப் பதிய விண்ணப்பித்தபோது கல்கத்தா உயர் நீதிமன்றம் முடியாது என்றது. 1923ல் சட்டம் வந்த பிறகுதான் பெண்களுக்கு வழி திறந்தது. 1989ல் பாத்திமா பீவி உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். நம் ஊத்தங்கரையில் பிறந்த பானுமதி 2014 முதல் 2020 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். ஊத்தங்கரைப் பெண்ணால் முடிந்தது நம்மாலும் முடியும்.

எப்படிப் படிப்பது? பிளஸ் டூ முடித்தால் ஐந்து வருடப் படிப்பு. ஏதாவது டிகிரி முடித்தால் மூன்று வருடம். அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருடப் படிப்புக்குப் பிளஸ் டூ மார்க்கை வைத்துச் சேர்க்கிறார்கள். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு நுழைவுத் தேர்வு உண்டு. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ல் 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. படித்து முடித்ததும் பார் கவுன்சிலில் பதியணும், அகில இந்தியத் தேர்வும் எழுதணும். அப்புறம் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கணும். முதல் சில வருடம் வருமானம் கம்மிதான். "அஞ்சு வருஷம் படிச்சப்புறமும் சம்பளம் வராதா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை. ஆனாலும் ஆசை போகவில்லை.

நான் வக்கீல் ஆக இன்னும் பத்து வருடம் ஆகும். அதுவரை ஊர் என்ன செய்யும்? 1987ல் வந்த சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இதை வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் குழுவிலிருந்து ஒரு பெண் வக்கீலை நம் பள்ளிக்கு ஒருநாள் கூப்பிடுங்கள். அன்றைக்கு அம்மாக்களையும் வரச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவை நான் கூட்டி வருகிறேன்.

இது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த தாளில் எழுதுங்கள், சிரிக்க மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு வாயாடி