சரக்குச் செயலிகளும் சட்டத்தின் மௌனமும்

மும்பை கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சிறிது தொலைவில் இருக்கிறது வடாலா லாரி முனையம். தமிழ்நாட்டிலிருந்து அங்கு சரக்கு இறக்க வரும் ஓட்டுநரின் முதற்கவலை, திரும்பும் லோடு. சேலத்துக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டாலும் காலி வண்டி 300 லிட்டர் டீசலை விழுங்கிவிடும். சுங்கக் கட்டணம் தனி. கடன் தவணையோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நேற்றுவரை புக்கிங் ஆபீஸ் வாசலில் காத்துக்கிடந்தவர், இன்று கைபேசியில் சரக்குச் செயலிகளைத் தேடுகிறார். எந்தச் செயலியைத் தேர்ந்தெடுப்பது என்பதே அவர் முன்னுள்ள கேள்வி.

செயலிகளால் பயனே இல்லை என்று கூறுவது உண்மைக்குப் புறம்பானது. மொழி தெரியாத, அறிமுகம் இல்லாத ஊரிலும் லோடு இருக்குமிடத்தை அவை காட்டுகின்றன. ஆனால் புரோக்கர் ஒழிந்துவிடவில்லை. லோடு பதிவு செய்வோரில் அவரும் ஒருவர். ஒரே லோடுக்குப் பல வண்டிகள் போட்டியிடும்போது, அதிக நெருக்கடியில் இருப்பவரே குறைந்த வாடகைக்கு இணங்குகிறார். வாடகை சரிந்தாலும் செயலி நிறுவனத்தின் சந்தாவும் கமிஷனும் நிற்பதில்லை. 2015இல் தொடங்கி, 2024 நவம்பரில் பங்குச்சந்தையில் நுழைந்த பிளாக்பக் நிறுவனம் லோடு தேடலோடு நிற்கவில்லை. ஃபாஸ்டேக், எரிபொருள் அட்டை, ஜிபிஎஸ், வாகனக் கடன் என அனைத்தையும் வழங்குகிறது. ஒற்றை வண்டி உரிமையாளரின் வரவும் செலவும் இவ்வாறு ஒரே மூலதனத்தின் கைக்குள் செல்கின்றன.

ஆகவே தேர்வு செய்யும்போது விளம்பரத்தை நம்பாமல் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். சரக்கு அனுப்புபவர் யார்? முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது? காத்திருக்கும் நாளுக்குப் பணம் உண்டா? ஏற்றுகூலி, இறக்குகூலி யார் பொறுப்பு? வாடகை நிலுவையில் நின்றால் முறையிட நேரில் ஓர் அலுவலகம் உண்டா? லோடு கிடைக்கும் முன்பே வைப்புத்தொகை கேட்போரை நம்பலாகாது.

எனினும் தனிநபரின் எச்சரிக்கை ஒன்றே போதாது. சரக்கு முகவர்கள் உரிமம் பெற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 93ஆவது பிரிவு. 2019 திருத்தம் செயலி நிறுவனங்களையும் அதில் சேர்த்தது. ஆனால் பயணியை ஓட்டுநரோடு இணைப்பவை மட்டுமே அதன் வரையறைக்குள் வருகின்றன. சரக்கை லாரியோடு இணைப்பவை பற்றி வரையறையில் ஒரு சொல்லும் இல்லை. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் செலுத்த வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது, வாடகையைத் தொடவில்லை. சரக்கு வாகனங்களுக்குக் குறைந்தபட்ச, அதிகபட்ச வாடகையை நிர்ணயிக்க 67ஆவது பிரிவு மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தும், அது பெரும்பாலும் பயன்படுத்தப்படுவதில்லை.

மாற்று வழி மும்பையிலேயே இருக்கிறது. இந்த லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளர்களுக்காக, போராட்டங்களின் விளைவாக 1969இல் மகாராஷ்டிர மாத்தாடிச் சட்டம் வந்தது. வணிகர் வாரியத்தில் பதிவு செய்து, கூலியையும் அதன்மேல் தீர்வையையும் வாரியத்திடம் செலுத்த வேண்டும். கூலியை வாரியமே தொழிலாளிக்கு வழங்கும். வருங்கால வைப்புநிதிக்கும் மருத்துவத்துக்கும் தீர்வை பயன்படும். சிதறிக் கிடந்த உழைப்பாளியை அன்று சட்டத்துக்குள் கொண்டுவர முடிந்ததெனில், ஒவ்வொரு வாடகையும் பதிவாகும் இக்காலத்தில் லாரி ஓட்டுநருக்கு அது எளிதே.

சரக்குச் செயலிகளுக்கு உரிமம், டீசல் விலையோடு இணைந்த குறைந்தபட்ச வாடகை, சரக்கு இறக்கியதும் மீதித்தொகை, மாத்தாடி வாரியத்தை ஒத்த முத்தரப்பு வாரியம் ஆகியவை உடனடிக் கோரிக்கைகளாக வேண்டும். வடாலாவிலும் கலம்போலியிலும் வந்திறங்கும் ஓட்டுநர்களிடம் அவர்கள் மொழியிலேயே இக்கோரிக்கைகளைக் கொண்டு செல்வது மும்பைத் தமிழ்த் தோழர்களின் கடமை. தனித்து நிற்கும் ஓட்டுநருக்கு எந்தச் செயலியும் வாடகையை உயர்த்தித் தராது. அணிதிரண்ட ஓட்டுநர்களுக்கே அந்த வலிமை உண்டு.