காட் மாற்ற முன் கொஞ்சம் யோசிப்போம்



எங்கள் உயர்தர மாணவி ஒருத்தியின் உம்மா கடந்த வாரம் பாடசாலைக்கு வந்தார். வாப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் மகளுக்குப் புது லெப்டொப் வாங்கியிருக்கிறார்கள். ஒன்லைன் வகுப்பு அடிக்கடி அறுந்து போகிறதாம். கடையில் கேட்டதற்கு, "வைஃபை 7 காட் போட்டா எல்லாம் சரியாகும்" என்று சொல்லி, காசை வாங்கிக்கொண்டு மாற்றியும் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வைஃபையே வேலை செய்யவில்லை. "சேர், காசு வீணாப் போச்சா?" என்று கேட்டார்.

திறந்து பார்த்தோம். போட்டிருந்தது இன்டெல் பிஈ200. நல்ல காட்தான், ஆனால் அந்த லெப்டொப் ஏஎம்டி. பிஈ200 இன்டெல் கணினிகளுக்கென்று வந்தது. பல ஏஎம்டி லெப்டொப்களில் அது வேலை செய்வதில்லை. பழைய காட்டையே திரும்பப் போட்டோம். பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், ரவுட்டர் இரும்பு அலுமாரிக்குப் பின்னால்! வெளியே எடுத்து உயரத்தில் வைத்தோம். அன்றிரவு வகுப்பு அறுபடவேயில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. பெரிய இலக்கத்தைக் கேட்டதும் காசை எடுத்து நீட்டும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. வீட்டு ரவுட்டர் வைஃபை 5 என்றால், லெப்டொப்பில் வைஃபை 7 போட்டாலும் இணைப்பு வைஃபை 5தான். பக்கேஜின் வேகமும் அதனால் கூடாது.

ஆகவே முதலில் ஒரு சோதனை. பிள்ளை படிக்கும் அதே இடத்தில், அதே வைஃபையில் ஃபோனைப் பாருங்கள். ஃபோனும் தடுமாறினால் குறை பெரும்பாலும் ரவுட்டரிலோ லைனிலோதான். ஃபோன் நன்றாக இருந்து லெப்டொப் மட்டும் தடுமாறினால் டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மட்டும் காட்டைப் பற்றி யோசிக்கலாம்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், காட் போர்டோடு ஒட்டியதா, கழற்றக்கூடியதா என்று கேளுங்கள். ஒட்டியதென்றால் மாற்ற முடியாது. கழற்றலாம் என்றால் இன்டெல் ஏஎக்ஸ்210 பொதுவாக இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் பொருந்தும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்பவை அதற்கு இடமுள்ள இன்டெல் லெப்டொப்களுக்கு மட்டும். ஓர் இலக்கம் மாறினால் காசு போய்விடும். அன்டெனா வயரின் முனையும் மிகச் சிறியது, இழுத்தால் உடைந்துவிடும். திறந்தால் வொரன்டி போகுமா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் அபிப்பிராயம் இதுதான்: இதையெல்லாம் கேட்க வேண்டியது லெப்டொப்புக்குக் காசு கொடுக்க முன். ரேம் எவ்வளவு என்று கேட்கும் நாம், "உள்ளே என்ன வைஃபை காட்?" என்று கேட்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் காட் என்றால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள். வீடுகள் நெருக்கமான நமது ஒழுங்கைகளில் அந்த அலைவரிசையில்தான் அயல் வீட்டு வைஃபைகள் எல்லாம் நெரிபடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டக் கொஞ்சம் கஷ்டப்படும். ஆனால் நெரிசல் குறைவு.

ஊரில் இது தெரிந்த இளைஞர்கள் இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு லெப்டொப் வாங்கும்போது ஒரு மணித்தியாலம் ஒதுக்கி கடைக்குக் கூடப் போங்கள். வெளிநாட்டில் ஒரு வாப்பா உழைத்த காசு அது.