பாட்டு யாருக்குச் சொந்தம்?

ஆடி மாதச் சனிக்கிழமைகளில் குச்சனூர்ப் பக்கம் வந்திருக்கிறீர்களா? சுயம்பு சனீஸ்வரர் கோயிலுக்கு வரும் கூட்டம் ஒரு பக்கம், கடைகளின் சத்தம் ஒரு பக்கம், எல்லாவற்றையும் மிஞ்சிக்கொண்டு ஒலிபெருக்கியில் பாட்டு! முதலில் பக்திப் பாட்டு. பொழுது ஏற ஏற சினிமாப் பாட்டும் எட்டிப் பார்க்கும். அந்தப் பாட்டு யாருடையது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பாடியவர் பெயரைச் சொல்வீர்கள். சிலர், படத்தில் வாயசைத்த கதாநாயகனின் பெயரையே சொல்லிவிடுவீர்கள்!

சிரிக்காதீர்கள். இதே கேள்விக்குத்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்து வருகிறது. அந்த வழக்குகளின் நடுவில் இருப்பவர் நம் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா.

2024-இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் நினைவிருக்கிறதா? கொடைக்கானல் குகைக்குள் விழுந்த நண்பனை மீட்கும் கதை. அதில் 1991-இல் வந்த 'குணா' படத்தின் பாட்டைச் சேர்த்திருந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம், இளையராஜா தரப்பிலிருந்து அவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் போயிற்று. "பாட்டின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்திடம் அனுமதி வாங்கித்தானே சேர்த்தோம்" என்பது படக்காரர்களின் பதில். 2025-இல் 'குட் பேட் அக்லி' படத்திலும் அவருடைய மூன்று பழைய பாடல்கள் வந்தன. மறுபடி வழக்கு. அந்தப் பாடல்களைப் பயன்படுத்த செப்டம்பர் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அங்கேயும் படக்காரர்கள் இதையேதான் சொன்னார்கள்: "அனுமதி வாங்கினோமே!"

அனுமதி கொடுத்தவர் ஒருவர், 'என்னைக் கேட்டாயா?' என்பவர் இன்னொருவர். இது எப்படி நடக்கிறது?

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். சினிமாவுக்கு வரும் முன் இளையராஜா தன் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் இருந்தார். பாஸ்கர், கங்கை அமரன் என்று சகோதரர்கள் எல்லாரும் சேர்ந்த குழு அது. ஊர் ஊராக மேடை போட்டுப் பாடினார்கள். மேடைப் பாட்டு பாடி முடித்ததும் காற்றோடு போய்விடும். கேட்டவன் மனத்தில் நிற்கும், அவ்வளவுதான். அதை யாரும் பெட்டியில் அடைத்து விற்க முடியாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு முறை பாடி, அதையே லட்சம் பிரதி எடுக்கலாம் என்று ஆனபோதுதான் பாட்டு ஒரு சரக்காயிற்று. சரக்கு என்றால் சொந்தக்காரர் வேண்டுமே!

'ஆல்பம்' என்கிறோமே, அது என்ன? பாடல்களையோ வெறும் இசையையோ ஒரே தொகுப்பாகப் பதிவு செய்து, பெயர் வைத்து, அட்டைப்படம் போட்டு வெளியிடுவது. வெளிநாட்டில் பாட்டுக் குழுக்கள் இப்படித்தான் பாடல்களைக் கொண்டு வருகின்றன. நம் ஊரில் சினிமாவே எல்லாப் பாட்டையும் இழுத்துக்கொண்டதால் தனி ஆல்பங்கள் குறைவு. ஆனாலும் 1986-இல் இளையராஜா படம் எதுவும் இல்லாமல் ஓர் ஆல்பம் வெளியிட்டார். பெயர் 'ஹவ் டு நேம் இட்?' அதாவது, 'இதற்கு என்ன பெயர் வைப்பது?' தியாகராஜருக்கும் ஜெர்மனி நாட்டு பாக்குக்கும் காணிக்கையாக்கிய இசை. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் அதில் பேசும்! பிறகு இயக்குநர் பாலு மகேந்திரா அதிலிருந்து இசையை எடுத்துத் தன் 'வீடு' படத்துக்குப் பயன்படுத்தினார். கேட்டுப் பாருங்கள், ஒரு வரிகூட இல்லாமல் எத்தனை சொல்கிறது என்று தெரியும்.

இப்போது கவனியுங்கள். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, மெட்டும் வரிகளும். இன்னொன்று, அவற்றைப் பாடி, வாசித்துப் பதிவு செய்த ஒலி. முதலாவது கதையைப் போல. இரண்டாவது அச்சடித்த புத்தகத்தைப் போல. இரண்டுக்கும் வேறு வேறு சொந்தக்காரர்கள் இருக்கலாம்.

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டுக்கு நடந்ததைச் சொன்னால் நன்றாகப் புரியும். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் ஒலிப்பதிவுகள் அவற்றை வெளியிட்ட நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தன. 2019-இல் அந்த நிறுவனம் கைமாறியது. ஒலிப்பதிவுகளும் கூடவே போயின. வேறொருவராக இருந்தால் அழுதுவிட்டு உட்கார்ந்திருப்பார். அவரோ 2021 முதல் அந்த ஆல்பங்களில் நான்கை முதல் பாட்டிலிருந்து மறுபடி பாடிப் பதிவு செய்து, 'டெய்லரின் பதிப்பு' என்று பெயரில் சேர்த்து வெளியிட்டார். ரசிகர்கள் பழையதை விட்டுப் புதியதை வாங்கினார்கள். மெட்டும் வரியும் அவருடையவை என்பதால்தான் இது முடிந்தது. கடைசியில் 2025 மே மாதம் பழைய ஒலிப்பதிவுகளையும் அவரே விலைக்கு வாங்கிவிட்டார்.

நம் சினிமாவில் நிலைமை வேறு. காசு கொடுத்து மெட்டுப் போடச் சொன்னவர் தயாரிப்பாளர். எனவே மெட்டும் அவருக்கே என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் அதை இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்றார். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தியேட்டரில் படம் ஓடுவது தவிர வேறு வழியில் பாட்டு பயன்பட்டால், இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் 'ராயல்டி' என்ற பங்கு உண்டு. அதை எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது. நல்ல திருத்தம். ஆனால் அதற்கு முன்பு வந்த பாடல்கள்? சண்டையே அங்கேதான்.

நிறுவனங்கள் சொல்வது: "பணம் போட்டது நாங்கள். விற்காமல் கிடந்த இசைத்தட்டுகளின் நஷ்டமும் எங்களுக்குத்தானே?" இசையமைப்பாளர் பக்கம் சொல்வது: "கையெழுத்துப் போட்ட காலத்தில் இன்டர்நெட்டும் இல்லை, செல்போனும் இல்லை. இல்லாத ஒன்றை நான் எப்படி விற்றிருப்பேன்?" எனக்கு இரண்டாவது பேச்சில் நியாயம் கூடுதலாகத் தெரிகிறது.

ஆனால் ஒன்று. 2017-இல் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கும் நோட்டீஸ் போனது. பாடியவரே பாடக்கூடாதா என்று ஊரே பேசியது. பாடலாசிரியரையோ யாரும் பேசுவதே இல்லை. 2024 ஏப்ரலில் வழக்கை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள்தான் வரிகளை எழுதியவரை நினைவுபடுத்தினார்கள். தமிழ் வாத்தியாராக எனக்கு அதில் தனி மகிழ்ச்சி!

"அப்படியானால் பள்ளி ஆண்டு விழாவில் பாட்டுப் போட்டால் எங்கள் மேலும் வழக்கா?" என்று பயப்படாதீர்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோர்களும் மட்டும் பார்க்கும் பள்ளி நிகழ்ச்சிக்குச் சட்டமே விலக்குத் தருகிறது. சமயச் சடங்குக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் அப்படியே. டிக்கெட் போட்டு ஊரைக் கூட்டினால்தான் கதை மாறும்.

இந்த உரிமைகளுக்கு ஆயுளும் உண்டு. நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள். மெட்டுக்கும் வரிகளுக்கும், படைத்தவர் மறைந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள். இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' 1976-இல் வந்தது. அந்த ஒலிப்பதிவின் உரிமை 2036 டிசம்பர் 31 நள்ளிரவோடு முடியும். 'ஹவ் டு நேம் இட்?' ஒலிப்பதிவுக்கு எந்த ஆண்டு? அப்போது உங்களுக்கு வயது என்ன? கணக்கை நீங்களே போடுங்கள்.