பாட்டி உளறினால் பேயா?

கடத்தூர்ப் பக்கத்தில் ஒரு குடியானவர் வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். பாட்டிக்கு வயது 70. களை எடுக்கப் போன இடத்தில் காலில் முள் தைத்தது. புண் சீழ் வைத்தது. நாலாம் நாள் பாட்டி பேரனைப் பார்த்து, "நீ யாரப்பா?" என்று கேட்கிறார். என்றோ இறந்துபோன அண்ணனைக் கூப்பிடுகிறார்.

"காத்துக் கருப்பு அடிச்சிருக்கும்" என்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள். "வயசாச்சு, அப்படித்தான்" என்கிறார் மகன். ஒருவர் வேப்பிலை ஒடிக்க ஓடுகிறார். காலில் இருக்கும் புண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை!

இதைப் பழைய காலத்தில் ஜன்னி என்றார்கள். டாக்டர்கள் செப்சிஸ் என்கிறார்கள். கிருமியை எதிர்த்து உடம்பு போராடுகிறது. அந்தப் போராட்டம் எல்லை மீறி, சொந்த உடம்பையே தாக்குகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. மூளையின் எடை உடம்பில் 100-ல் 2 பங்குதான். ஆனால் பிராண வாயுவில் 5-ல் ஒரு பங்கு அதற்கு வேண்டும். அது குறைந்தால் புத்தி தடுமாறும். கிருமி மூளைக்குள் போகாமலே இப்படி நடக்கும். வயதானவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல், உளறல்தான் முதலில் தெரியும்.

2017-ல் மட்டும் உலகத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் செப்சிஸ் கண்டு இறந்தார்கள் என்பது ஒரு மதிப்பீடு.

மூளைக்குள்ளேயே புகும் கிருமியும் உண்டு. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1955-ல், நம் வேலூரில்தான். வயல் தண்ணீரில் பெருகும் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கிடமிருந்தும் அதைக் கொண்டுவந்து குழந்தைகளுக்குக் கொடுக்கிறது. பிழைத்த குழந்தைகளில் பலருக்குக் கை கால் வராமல் போனதுண்டு. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

குலதெய்வத்துக்கு வேண்டிக் கொள்வதை யாரும் தடுக்கவில்லை. மஞ்சள் துணியில் காசு முடிய ஒரு நிமிடம் போதும். அதற்குள் இன்னொருவர் 108-க்குப் போன் செய்யலாமே! தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மந்திரிப்பவர் வரட்டும் என்று ஒரு ராத்திரி காத்திருப்பதுதான் கொடுமை. செப்சிஸில் மணிக்கு மணி ஆபத்து கூடும்.

மூச்சு வாங்குகிறதா? சிறுநீர் குறைந்துவிட்டதா? எழுப்பினாலும் தூங்கித் தூங்கி விழுகிறாரா? குழந்தையானால் வலிப்பு வந்ததா, கழுத்து விறைத்ததா? உடனே புறப்பட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. "நேற்று வரை பாட்டி நன்றாகப் பேசினார். இன்று காலையிலிருந்து ஆள் தெரியவில்லை. காலில் புண் இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். டாக்டருக்கு முதலில் வேண்டியது அந்த மூன்று வாக்கியங்கள்தான்.