உப்பளக் கரையில் ஒரே பந்தி

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் நாட்டுப் பழமொழி. மரக்காணத்தில் அதை மறுத்துப் பேசுவது எளிதன்று. மழை ஓய்ந்ததும் பாத்திகளைச் சீர்செய்து, அடுத்த மழைக்காலம் வரை வெயிலையே முதலாகக் கொண்டு உப்பு விளைவிக்கும் ஊர் இது. பல வீடுகளில் அடுப்பெரிவதே அந்த உப்பினால்தான். ஆயினும் சித்திரை முதல் நாளிலும், ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளிலும், வீட்டார் அனைவருக்குமே உப்பைக் குறைத்துச் சமைப்பதே நல்லது என்பது எம் கருத்து.

இன்று பெரும்பாலான இல்லங்களில் நடப்பது வேறு. இரத்த அழுத்தமோ இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்குத் தனிப் பாத்திரத்தில் பத்தியச் சமையல்; மற்றவர்க்கு வழக்கமான விருந்து. சமைப்பவருக்கு இரட்டை வேலை. உண்பவருக்கோ, நோயைவிடத் தனி இலையே பெரிய வருத்தம். பண்டிகை நாளில் ஒதுங்கி உட்கார விரும்பாமல், "இன்று ஒருநாள் தானே" என்று அப்பளத்தையும் ஊறுகாயையும் கருவாட்டுக் குழம்பையும் கேட்டு வாங்கி உண்பார். கால் வீக்கமும் மூச்சிரைப்பும் அதன்பின் வரக்கூடும். பத்தியம் முறிவதற்கு நாவின் ஆசையைப் போலவே தனிமையும் காரணமாகிறது.

ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. உலக மக்கள் சராசரியாக உண்பது அதைப்போல் இருமடங்கு. ஆகவே நோயாளிக்குரியது என்று நாம் ஒதுக்கும் அளவு, உண்மையில் எல்லோருக்கும் உரிய அளவேயாகும்.

வெயிலில் உழைத்து வியர்வை சிந்துவோருக்கு உப்பு வேண்டாமா என்று கேட்பது நியாயமே. வேண்டும். ஆனால் அவர்களுக்கு முதல் தேவை குடிநீரும் நிழலும் ஓய்வும். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வு, கடும் வெப்பத்தையும் நீர்க்குறைவையும் சிறுநீரகப் பாதிப்போடு தொடர்புபடுத்தியுள்ளது. பொதுச் சமையலில் உப்பைப் பாதியாக்கி, இலையருகே ஒரு சிறு கிண்ணத்தில் உப்பை வைத்துவிட்டால், உழைத்துவந்தவர் தமக்கு வேண்டியதை இட்டுக்கொள்வார். நோயுற்றவரும் அதே பந்தியில் அமர்ந்து அதே குழம்பை உண்பார்.

உப்பு குறைந்த இடத்தைப் புளிப்பும் மணமும் காரமும் நிரப்ப வேண்டும். அதற்கு வீட்டுத் தோட்டம் துணை செய்யும். கடலோரத்து மண்ணும் கிணற்று நீரும் உவர்ப்பாக இருப்பின், பைகளிலும் தொட்டிகளிலும் வளர்ப்பதே வழி. செம்மண்ணும் மக்கிய எருவும் தென்னை நார்க்கழிவும் கலந்து நிரப்பலாம். நார்க்கழிவை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிக்கொள்க. தொட்டியின் அடியில் துளை இருத்தல் வேண்டும். அரிசி, காய்கறி கழுவிய நீரை ஊற்றலாம். சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்புகள் செறிந்திருப்பதால் அதனைத் தவிர்க்க வேண்டும். கோடையில் வெண்டையும் கொத்தவரையும் வெயிலைத் தாங்கும். புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் பிற்பகல் நிழல் தேவை. கறிவேப்பிலை, பச்சைமிளகாய், எலுமிச்சை ஆகியவை ஒருமுறை வேரூன்றினால் நெடுநாள் உதவும். நீரிழிவு நோயாளர் வெறுங்காலுடன் தோட்டத்தில் இறங்கலாகாது. உறுப்புமாற்றுச் சிகிச்சை பெற்றோரும் புற்றுநோய் மருந்தில் இருப்போரும் மண், எரு வேலையைப் பிறரிடம் விடுவதே பாதுகாப்பு.

சித்திரை முதல் நாளின் மாங்காய்ப் பச்சடிக்கு உப்பே தேவையில்லை. மாங்காயைக் குழைய வேகவைத்து, வெல்லம் சேர்த்து, கடுகும் மிளகாயும் தாளித்து, நெய்யில் வறுத்த வேப்பம்பூவைத் தூவினால் சுவை தானே நிறையும். நீரிழிவு உள்ளவருக்கு ஒரு கரண்டி போதும், பானகம் வேண்டாம். நீர்மோரில் உப்புக்குப் பதில் இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். நீரின் அளவு வரையறுக்கப்பட்டவர் அந்தக் குவளையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆடிக் கூழுக்குக் கருவாட்டுக் குழம்பை விடுத்துச் சின்ன வெங்காயமும் கொத்தவரைப் பொரியலும் துணையாகட்டும்.

மூன்று எச்சரிக்கைகள் உள்ளன. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. அதனால் உப்புக் குறையாது. 'சோடியம் குறைந்த உப்பு' என விற்கப்படுவதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால், சிறுநீரக நோயாளர் மருத்துவரைக் கேளாமல் அதனைத் தொடக்கூடாது. இளநீர், முருங்கைக்கீரை, கேழ்வரகு ஆகியவற்றையும் அவர்கள் உணவியல் நிபுணர் சொல்லும் அளவிலேயே கொள்ள வேண்டும். உப்பளக் கரையில் விளையும் உமிரிக்கீரை இயல்பிலேயே உவர்ப்பானது; உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்கு அது ஏற்றதன்று.

குறைந்த உப்புக்கு நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே அன்றாடச் சமையலில் சிறிது சிறிதாகக் குறைத்து வருக. விருந்தன்று எவரும் வேறுபாட்டைப் பெரிதாக உணரமாட்டார். நோயுற்றவருக்குத் தனி இலை போடவும் நேராது.