விளக்கை அணைத்த அந்த 9 நிமிடம்... கிரிட்டைக் காப்பாற்றியது எது?

2020 ஏப்ரல் 5, இரவு 9 மணி. ஊரடங்கில் இருந்த நாடே விளக்கை அணைத்துவிட்டு வாசலில் அகல் ஏற்றியது ஞாபகம் இருக்கிறதா? அந்த நேரத்தில் மின்தொகுப்பு கட்டுப்பாட்டு அறைகளில் இருந்த இன்ஜினீயர்களின் கண்ணெல்லாம் ஒரே ஒரு எண்ணின் மேல்தான்!

விளக்கை அணைத்தால் கரன்ட் மிச்சம்தானே, இதில் என்ன பதற்றம்?

கரன்ட்டை வயருக்குள் சேர்த்து வைக்க முடியாது. இந்த நொடி எவ்வளவு செலவாகிறதோ, அதே அளவு இந்த நொடியே உற்பத்தியாக வேண்டும். அந்தச் சமநிலையைக் காட்டும் எண்தான் ஃப்ரீக்வென்சி. நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். டபுள்ஸ் வைத்து சைக்கிள் மிதிக்கும்போது பின்னால் இருப்பவர் சட்டென்று குதித்துவிட்டால் சைக்கிள் எகிறும் இல்லையா? தேவை திடீரெனக் குறைந்தால் ஜெனரேட்டர்களும் அப்படித்தான் வேகமெடுக்கும். எல்லை மீறினால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே கழன்றுகொள்ளும். ஒன்று கழன்றால் அடுத்தது, அதற்கடுத்தது...

2012 ஜூலையில் அதிக பாரத்தால் ஒரு முக்கிய லைன் கழன்றதில் தொடங்கி, வட இந்தியா அடுத்தடுத்து இரண்டு நாள் இருண்டது. அப்போது தென்னகத் தொகுப்பு தனியாக இயங்கியதால் நாம் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்க ஒரே தொகுப்பு. அதாவது 2020-ல் நாமும் அதே படகில்!

நிலக்கரி நிலையங்களைச் சட்டென்று குறைக்க முடியாது. நீர்மின் நிலையங்களில் முடியும்; டர்பைனுக்குப் போகும் தண்ணீரைக் குறைத்தால் போதும். அதனால் 9 மணிக்கு முன்பே அனல் மின்சாரத்தைக் குறைத்து, நீர்மின் நிலையங்களை முழுவீச்சில் ஓடவிட்டார்கள். ஃபேன், ஃபிரிட்ஜை அணைக்க வேண்டாம், விளக்கை மட்டும் அணையுங்கள் என்று அரசு சொன்னதும் இதற்காகத்தான்.

எதிர்பார்த்த சரிவு 12,000 முதல் 14,000 மெகாவாட். நடந்ததோ 31,089! கணக்கு இவ்வளவு தப்பியும் தொகுப்பு சாயவில்லை என்பதுதான் பெரிய விஷயம். சுமார் 25 நிமிடத்தில் நீர்மின் உற்பத்தி மட்டும் ஏறக்குறைய 17,500 மெகாவாட் இறக்கப்பட்டது. மிச்சத்தை அனல், எரிவாயு, காற்றாலைகளில் குறைத்தார்கள். ஃப்ரீக்வென்சி 49.70-க்கும் 50.26-க்கும் இடையிலேயே நின்றது.

மணி 9.09 தாண்டியதும் வீடுகளில் ஸ்விட்சுகள் மறுபடி தட்டப்பட்டன. இன்ஜினீயர்களுக்கு அடுத்த வேலை... இறக்கிய அத்தனையையும் உடனே ஏற்ற வேண்டும்!